முதல் நாற்பது விநாடி

செப்டம்பர் 9, செவ்வாய்

பிரஷர் 134/88. தினமும் அளந்து எழுது, அன்றைக்கு என்ன நடந்தது என்றும் பக்கத்திலேயே எழுது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். எது ஏற்றுகிறது என்று கண்டுபிடிக்கவாம். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் எதற்கு? என்னைக் கேட்டால் நானே சொல்லிவிடுவேன். எங்கள் முதலாளி ரங்கதுரை சார்தான் ஏற்றுகிறார்.

டாக்டரம்மா படிக்கப் போகிறார் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். எங்களுடையது கோயமுத்தூர் கணபதியில் ஒரு சின்னக் கம்பெனி. சாயப்பட்டறைக் கழிவுநீர்த் தொட்டிகளுக்கு வாயு எச்சரிக்கைப் பெட்டி செய்கிறோம். தொட்டி கழுவ ஆள் இறங்கும் முன், ஒயர் நுனியில் இருக்கும் சென்சாரை உள்ளே தொங்கவிட்டுப் பொத்தானை அமுக்க வேண்டும். பச்சை எரிந்தால் இறங்கலாம். சிவப்பு எரிந்து சைரன் கத்தினால் கிட்டவே போகக் கூடாது. அந்த விஷ வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். ஒவ்வொன்றும் என் மேசைமேல் இருக்கும் நிஜ சென்சாரைக் கேள்வி கேட்கும். அது சூடாகிப் பதில் சொல்ல நாற்பது விநாடி ஆகும். அதுவரை மஞ்சள் விளக்கு எரியும், பொறு என்று அர்த்தம். எல்லாம் முடிய மூன்றரை மணி நேரம். நடுவில் ஒன்று புட்டுக்கொண்டால் திருத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து.

சார் இன்று என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, அடைகாக்கிற கோழிகூட நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கும் என்றார். எண்பது பெட்டிக்கு ஆர்டர் வந்திருக்கிறது. இருபத்துநான்காம் தேதி கிளம்பியாக வேண்டுமாம்.

செப்டம்பர் 11, வியாழன்

130/86.

போலி சென்சார் ஒன்று எழுதினேன். எங்கள் தொழிலில் மாக் என்போம். நிஜ சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் இடத்தில் நாலு வரி புரோகிராமை உட்கார வைப்பது. சோதனை வந்து "வாயு எவ்வளவு?" என்று கேட்டால், நான் சொல்லிவைத்த எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் ஒப்பிக்கும். சூடாவதும் இல்லை, காத்திருப்பதும் இல்லை.

நிஜ சென்சார் சூடாகும் வரைக்கும் வெற்றுப் பதில் அனுப்பிக்கொண்டிருக்கும், நான் இன்னும் தயாரில்லை என்று. போலிக்கு அதையும் சொல்லிக்கொடுத்திருக்கலாம். அரை நாள் வேலை. ஆனால் காத்திருக்க முடியாமல்தானே இதைச் செய்கிறோம், அதற்கும் காத்திருக்கக் கற்றுக்கொடுப்பானேன்? அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டும் ஐம்பது விநாடியில் முடிந்தன. எல்லாம் பாஸ். சார் ஆபீஸ் முழுக்கச் சூடாக வடை வாங்கிக் கொடுத்தார். பதினான்கு வருஷத்தில் அந்த மனிதர் கையால் நான் சாப்பிட்ட முதல் வடை.

செப்டம்பர் 12, வெள்ளி

130/86. நேற்றையதேதான். மெஷின் பீரோவுக்குள் இருக்கிறது, எடுக்கச் சோம்பல்.

செப்டம்பர் 17, புதன்

130/86.

மகள் தாரணிக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் அளவு கொடுக்க மதியம் அரை நாள் லீவு போட்டேன். டெய்லர் கடையில் நிற்க இடமில்லை. இப்போதே தீபாவளிக் கூட்டம். ஒரு கையில் தாரணியின் பை, இன்னொரு கையில் ரசீது. அந்த நேரம் பார்த்து ஜெரால்டிடமிருந்து மெசேஜ். பெட்டியின் புரோகிராமை எழுதுகிறவன் அவன். ஏதோ பகுதியை எந்தச் சோதனையும் தொடுவதே இல்லை, சும்மா கிடக்கிறது, தூக்கிவிடவா என்று கேட்டிருந்தான். இவனுக்குப் பெருக்கித் துடைக்கிற புத்தி. கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிட்டு, தாரணிக்குக் கை நீளம் அரை இஞ்சு கூட்டி வைக்கச் சொன்னேன். வளர்கிற பிள்ளை.

செப்டம்பர் 24, புதன்

130/86.

எண்பது பெட்டியும் லாரியில் ஏறிவிட்டன. பதினோரு ஊர். பெட்டி கட்டும் இடத்தில் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தார்கள். முன்பெல்லாம் மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், இப்போது போட்டவுடன் பச்சை எரிகிறது என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். சோதனை அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டேன். மேசைமேல் கிடந்த நிஜ சென்சாரைத் துணியில் சுற்றி டிராயரில் வைத்துவிட்டேன். இடம் காலியானதில் ஒரு மணிபிளாண்ட் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கம்ப்யூட்டர், ஸ்குரூ டிரைவர், சாருடைய கார் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். டிராயரிலிருந்து சென்சாரை எடுத்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். பாவம், இத்தனை வருஷம் உழைத்தது.

அக்டோபர் 3, வெள்ளி

பூஜையில் வைத்த சாமானை அடுத்த வேலை நாளில் ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். லேத்துக்காரர் லேத்தை ஓட்டுவார், நான் சென்சாரை ஓட்டுவேன். சந்தனத்தைத் துடைத்து, ஒரு புதுப் பெட்டியில் மாட்டி, சோதனை வாயு சிலிண்டரைத் திறந்து சென்சாரின் மூக்குக்கு நேராகப் பிடித்து, பொத்தானை அமுக்கினேன்.

பச்சை எரிந்தது.

சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். முள்ளைப் பார்த்தால் பாதிக்கு மேல் இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது சிவப்பு எரிந்து சைரன் கத்தியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். பச்சை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பதாவது விநாடியில் சிவப்பு. ஏழு தடவை செய்தேன். ஏழு தடவையும் அப்படியே.

மஞ்சள் வரவேயில்லை. சென்சார் சூடாகும் வரை அனுப்புகிற வெற்றுப் பதிலைப் புரோகிராம் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்கிறது. பூஜ்ஜியம் என்றால் வாயு இல்லை. வாயு இல்லை என்றால் பச்சை. தொட்டிக்குள் விஷம் பொங்கி வழிந்தாலும் முதல் நாற்பது விநாடி இது பச்சைதான் காட்டும். ஏணியில் இறங்க இருபது விநாடி போதும்.

மஞ்சள் விளக்குக்கான பகுதியை ஜெரால்டு எடுத்துவிட்டிருக்கிறான்.

அக்டோபர் 4, சனி

சாரிடம் சொன்னேன். பெட்டியைக் கொண்டுபோய் அவர் மேசைமேலேயே செய்து காட்டினேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது, உடனே பழையபடி ஆகிவிட்டது.

"முதல் நாப்பது செகண்டுதானே மங்கை? அதுக்கப்புறம் கரெக்டா கத்துதில்ல?"

கையேட்டில் ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று போட்டிருக்கிறதாம். ஜனவரி சர்வீஸில் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாமாம். இப்போது வெளியே தெரிந்தால் அடுத்த வருஷ ஆர்டர் போய்விடும், நாற்பது பேர் வீட்டில் அடுப்பு எரியாது என்றார். தீபாவளிக்குப் பட்டறைகள் மூடும், மூடினால்தான் தொட்டி கழுவுவார்கள், வருஷத்திலேயே அதிகம் பேர் இறங்குவது அந்த ஒரு வாரத்தில்தான் என்றேன். தெரியும் என்றார். தெரியும் என்று சொன்ன ஒருவரிடம் மேற்கொண்டு எதைச் சொல்வது?

அக்டோபர் 6, திங்கள்

மஞ்சளைத் திரும்பக் கொண்டுவர எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. பத்தே நிமிஷம். என் மேசைப் பெட்டியில் ஏற்றிப் பார்த்தேன், பழையபடி அழகாகக் காத்திருக்கிறது. ஆனால் வெளியூர்ப் பெட்டிகளில் ஏற்ற வேண்டுமானால் சர்வீஸ் ஆள் ஒவ்வொரு ஊராகக் கேபிளோடு போக வேண்டும். அதற்கான பாஸ்வேர்டு சாரிடம் மட்டும்தான் இருக்கிறது. கேட்டேன். ஜனவரி என்றார்.

ஜெரால்டைப் பிடித்து, யாரைக் கேட்டு எடுத்தாய் என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவன் போனை எடுத்துக் காட்டினான். பதினேழாம் தேதி, மதியம் மூன்று பத்து.

"நீங்கதானேக்கா ஓகே சொன்னீங்க."

அவன் அப்படி மொட்டையாகக் கேட்டிருக்கக் கூடாது. எந்தப் பகுதி என்று விவரமாக எழுதியிருக்க வேண்டும்.

விவரமாகத்தான் எழுதியிருந்தான். இப்போது படித்தேன்: மஞ்சள் விளக்குப் பகுதி, போலி சென்சார் காத்திருப்பதே இல்லை, அதனால் எந்தச் சோதனையும் இதைத் தொடுவதில்லை என்று.

அக்டோபர் 9, வியாழன்

டாக்டரம்மாவுக்கு: ஒரு மாதமாக நான் மெஷினை எடுக்கவேயில்லை. 130/86 எல்லாம் நானாகப் போட்டது. இன்று அளந்தேன், 168/104.

அனுப்பிய லிஸ்ட்டைப் பார்த்து ஒவ்வொரு ஊருக்கும் நானே போன் செய்ய ஆரம்பித்துவிட்டேன். ஆபீஸில் பேச முடியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து பேக்கரிக்குப் போய், கண்ணாடி அலமாரி ஓரமாக நின்றுகொண்டு பேசுகிறேன். நாலு பேர் எழுதிக்கொண்டார்கள். மூன்று பேர் லெட்டர் அனுப்புங்கள் என்றார்கள். லெட்டருக்கு நான் எங்கே போவேன்? ஒருவர், எங்களிடம் இறங்குகிறவனெல்லாம் காண்ட்ராக்ட் ஆள், காண்ட்ராக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டார். இரண்டு ஊரில் சுவிட்ச் ஆஃப்.

அக்டோபர் 13, திங்கள்

பெருந்துறைப் பக்கத்துப் பட்டறையில் இன்றுதான் ஆள் கிடைத்தார். சென்னியப்பன் என்று பெயர், சூப்பர்வைசர். நான் பெட்டி செய்கிற கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்றதும் குரலில் அப்படியொரு மரியாதை.

"நல்ல மெஷினுங்க அம்மிணி. பழசு மஞ்சளக் காட்டிட்டே நிக்குமுங். இது பட்டுனு பச்சை போடுதுங். பசங்களுக்கெல்லாம் ரொம்பப் புடிச்சுப் போச்சு."

அந்தப் பச்சையை நம்பாதீர்கள், ஒரு நிமிஷம் கழித்து எது எரிகிறதோ அதுதான் நிஜம் என்று சொன்னேன். எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொன்னேன். 

"பச்சை எரிஞ்சா எறங்குன்னு நீங்கதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க?"

ஆமாம் என்றேன். சரி, சொல்லிவிடுகிறேன் என்றார். செவ்வாய்க்கிழமை தொட்டி கழுவுகிறார்களாம், தீபாவளிக்கு மறுநாள். அவர் அன்றைக்கு மாமனார் வீட்டுக்குப் போகிறாராம். நாச்சிமுத்து என்று ஓர் ஆள் இருக்கிறான், விவரமானவன், அவனிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார்.

அக்டோபர் 17, வெள்ளி

சாரிடம் கடைசியாக ஒரு முறை கேட்டேன். எண்பதும் வேண்டாம், பெருந்துறைக்கு மட்டுமாவது பாஸ்வேர்டு கொடுங்கள், நானே பஸ்ஸில் போய் ஏற்றிவிட்டு வருகிறேன் என்றேன். அழுதும்விட்டேன். வெட்கமாக இருக்கிறது. சார் என் கையில் ஸ்வீட் பாக்ஸைக் கொடுத்து, பண்டிகையும் அதுவுமாக வீட்டில் போய் நிம்மதியாக இரு மங்கை என்றார்.

அக்டோபர் 20, தீபாவளி

பலகாரம். பட்டாசு. தாரணிக்குப் புதுச் சுடிதார் கச்சிதம். சென்னியப்பனுக்கு ஆறு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

பெருந்துறைக்குப் போகக் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் விடவில்லை. உனக்குப் பைத்தியமா, யாரென்று சொல்லிக்கொண்டு போய் நிற்பாய் என்றார். நியாயமாகத்தான் பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

சென்னியப்பன் அவராகவே கூப்பிட்டார்.

"நாச்சிமுத்து போயிட்டானுங் அம்மிணி."

நேற்றுக் காலை பத்து மணிக்கு. ஒரு நிமிஷம் நில் என்று சொல்லிவைத்திருந்தாராம். பச்சை எரியுது, அப்புறம் எதுக்கு நிக்கறது என்று கூட இருந்தவர்களிடம் கேட்டானாம். கேட்டுவிட்டு இறங்கிவிட்டான். அடியில் கால் வைக்கும்போது சைரன் கத்தியிருக்கிறது. மேலே இருந்தவர்கள் கயிறு போட்டுத் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது.

செருப்பைக் கழற்றியிருக்கக் கூடாது.

அக்டோபர் 24, வெள்ளி

தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸுக்கு வந்தார். சார் என்னுடைய சோதனை அறிக்கையை எடுத்து வைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டும் பாஸ், கீழே என் கையெழுத்து. பெட்டி கத்திக்கொண்டிருந்ததை அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கத்துகிற மெஷினைக் கண்டுகொள்ளாமல் இறங்கியிருக்கிறான், குடித்திருப்பான் என்று பட்டறை முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அப்படி முடிவானால் அவன் வீட்டுக்கு இழப்பீடு கிடையாது.

நான் பெருந்துறைக்குப் போன் செய்து எச்சரித்தேன் என்றேன். ஆய்வாளர் அங்கேயே சென்னியப்பனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அந்த அம்மா கூப்பிட்டாங்க, தீபாவளி வாழ்த்துச் சொன்னாங்க என்றார் சென்னியப்பன்.  தெரிந்தும் ஆளை இறக்கினாய் என்று நாளைக்கு அவர் கழுத்தில் கத்தி வந்துவிடுமே. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

சாயந்திரம் ஒரு நல்ல காரியம் நடந்தது. சார் பாஸ்வேர்டைக் கொடுத்து, வாடகைக்கு இரண்டு கார் எடுத்து, எண்பது பெட்டிக்கும் என்னுடைய அந்தப் பத்து நிமிஷ வேலையை ஏற்றிவிட்டு வாருங்கள் என்று ஆட்களை அனுப்பிவிட்டார். பெருந்துறைப் பெட்டிக்கும் சேர்த்துத்தான். ஒரு உயிர் போன பிறகாவது புத்தி வந்ததே. இனி வேறு யாரும் சாக மாட்டார்கள்.

அக்டோபர் 27, திங்கள்

நாச்சிமுத்து வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பெயர் சரசாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். பெட்டி செய்கிற இடத்திலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் எழுந்து நின்றுவிட்டாள். எனக்கு நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை.

"அவரு குடிக்க மாட்டாருங். என்ர கொழந்தைக மேல சத்தியமுங். பச்சை எரிஞ்சுதுங்களா இல்லீங்களா, அத மட்டும் சொல்லுங்."

எரிந்தது என்று சொன்னேன். மெஷின் தப்பாகக் காட்டியது, அவர் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. இதை ஆபீசரிடம் வந்து சொல்வீர்களா என்று கேட்டாள். சொல்வதென்ன, செய்தே காட்டுகிறேன் என்றேன். இந்த மாதத்திலேயே முதல் முறையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னேன். பஸ்ஸில் திரும்பும்போது ஆய்வாளருக்கு மனு எழுதி முடித்துவிட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

மனுவை எடுத்துக்கொண்டார்கள். நாளை காலை பெருந்துறைப் பெட்டியையே கொண்டுவந்து என் முன்னால் ஓட்டிப் பார்ப்பார்களாம், சரசாளும் வருகிறாள்.

சந்தோஷமாக ஆபீஸுக்கு வந்தால் என் கம்ப்யூட்டர் திறக்க மாட்டேன் என்கிறது. பழைய புரோகிராமையெல்லாம் சார் எடுத்துப் போய்விட்டார் என்று ஜெரால்டு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். போகட்டும், அதுதான் பெருந்துறைப் பெட்டி வருகிறதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்டோபர் 31, வெள்ளி

ஆய்வாளர் மேசையில் பெட்டியை வைத்தார்கள். போகும்போதே ஆய்வாளரிடம் சொல்லிவிட்டேன், இதில் புரோகிராமை மாற்றிவிட்டார்கள், மாற்றியதை எழுதியதே நான்தான், இப்போது இது சரியாகத்தான் காட்டும், கம்ப்யூட்டரைக் கைப்பற்றிப் பாருங்கள் என்று. ஆய்வாளர் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே கேட்டார்.

"நான் கண்ணால பாக்கறதத்தாம்மா எழுத முடியும்."

வாயுவைத் திறந்து பொத்தானை அமுக்கினார்கள். மஞ்சள் எரிந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சார், ஆய்வாளர், நான், சரசாள். நாற்பது விநாடி அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. பிறகு சிவப்பு, சைரன். ஒரு குறையும் இல்லை. நான் செய்ததிலேயே மிகச் சரியாக வேலை செய்த புரோகிராம் அதுதான்.

கருவி முறையாக இயங்குகிறது என்று ஆய்வாளர் எழுத ஆரம்பித்தார்.

 சரசாளுக்கு மெஷின் தெரியாது, ஆனால் மஞ்சள் விளக்கைத் தெரிந்திருக்கிறது. அது எரிகிற வரைக்கும் நின்று வெற்றிலை போடுவேன் என்று நாச்சிமுத்து சொல்வாராம். பழைய பெட்டி இருந்த ஆறு வருஷமும் அப்படித்தானாம். ஒரு நாள்கூட அவசரப்பட்டதில்லையாம். இதை அவள் ஆய்வாளரிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள். பிறகு அணைந்து கிடந்த அந்த விளக்கை விரலால் தொட்டுக் காட்டிக் கேட்டாள்.

"இத அன்னைக்கு எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

"நாந்தானுங்க எடுத்துட்டேன்" என்றேன்.

ஆய்வாளர் தலை நிமிராமல் எழுதி முடித்து, தாளைத் திருப்பி, கையெழுத்துப் போடச் சொல்லி அவளிடம் பேனாவை நீட்டினார்.